ஆடி மாதத்தில் விழுந்த பனி

செவன் ஹில்ஸ், சிட்னி
3 மார்ச் 2024

என் அன்புத் தங்கச்சி யோகாவுக்கு,

உன் பெரியண்ணா இரத்தினசிங்கம் எழுதுகிறேன். என் கையால் எழுதுகிறேன். தர்சினி எழுதவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொருமுறை பார். நானும் மகளும் இங்கே சுகம். நீயும் பிரசன்னாவும் மருமகளும் அங்கே சுகமாக இருக்க நல்லூரானைக் கும்பிடுகிறேன்.

போன யூலையிலிருந்து செவ்வாய்க்கிழமைகளில் நூலக மண்டபத்தில் தாட்சாயினி ரீச்சர் எங்கள் ஆறு பேருக்குத் தமிழ் எழுத வாசிக்கப் படிப்பிக்கிறா. நான்தான் வகுப்பில் மூத்தவன், எழுபத்தெட்டு. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று தர்சினியின் வாயை அடைத்து வைத்திருந்தேன். உறையைப் பிரித்தவுடன் நீ திடுக்கிட வேண்டும் அல்லவா?

இனி விஷயம். பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரர் தனியாக இருக்கிறார். நெடுவல், மெலிவு, தலை முழுக்க வெள்ளை. வேலிக்கு மேலால் அவர் கை காட்டுவார், நானும் காட்டுவேன். பெயர்கூடத் தெரியாது. போன செவ்வாய்க்கிழமை அவர் வாசலில் அம்புலன்ஸ் நின்றது. இரண்டு நாள் யன்னல் திரை திறக்கவில்லை. வியாழக்கிழமை பின்னேரம் தொலைக்காட்சியைப் போட்டால், அவர் சவப்பெட்டிக்குள் படுத்திருக்கிறார்! அதே மூக்கு, அதே நாடி. மெழுகுதிரி எரிகிறது, நாலு பேர் தலை குனிந்து நிற்கிறார்கள். எங்கள் நாடகம் என்றால் ஆள் செத்தவுடன் பாட்டு வரும். இதில் ஒரு சத்தமும் இல்லை. ஆகவே செய்தி என்று நினைத்தேன்.

தர்சினி ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிருந்தாள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, அயலவர்தான் சாப்பாடு கொண்டுபோக வேண்டும். இந்த ஊரில் அவருக்கு நான்தானே அயல்? முழுகி, வெள்ளை வேட்டி கட்டி, சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சமைத்து எடுத்துக்கொண்டு போனேன். செத்த வீட்டில் மணி அடிக்கக் கூச்சமாக இருந்தது. மெதுவாகத் தட்டினேன்.

கதவைத் திறந்தது அவர்.

நான் "ஐயோ முருகா" என்றேன். சட்டி விழப் பார்த்தது, அவர்தான் பிடித்தார். நான் காற்றில் ஒரு சதுரம் போட்டு, அதற்குள் கண்ணை மூடித் தலையைச் சாய்த்துக் காட்டினேன். அவர் என் வேட்டியைப் பார்த்தார், சாப்பாட்டைப் பார்த்தார், வாசற்படியிலேயே குந்தியிருந்து இருமும்வரை சிரித்தார். பிறகு ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. தர்சினி வந்த பிறகுதான் கேட்டுச் சொன்னாள்.

"அப்பா, தான் நல்லாச் செத்தவரோ எண்டு கேக்கிறார்."

"ஓம், திறமாச் செத்தவர் எண்டு சொல்லு பிள்ளை" என்றேன். வேறு என்ன சொல்வது? அவர் நடிகராம். பெயர் லெஸ்லி. அம்புலன்ஸ் உண்மையாம், சீனி குறைந்து மயங்கினாராம். பெட்டி பொய்யாம். எது எது என்று எனக்கு இன்னும் தெளிவில்லை. கத்தரிக்காய்க் கறியை முழுக்கச் சாப்பிட்டார், அது மட்டும் நிச்சயம்.

இதை எழுத மூன்று நாள் பிடித்தது. பள்ளிக்கூடப் பழக்கத்தில் சிவப்புப் பேனையை எடுத்துவிடாதே. மறுமொழியைத் தபாலில் போடு. இனி எனக்கு ஒருவரும் வாசித்துக் காட்டத் தேவையில்லை.

கைநாட்டு வைக்காமல் கையொப்பம் வைக்கும்
உன் பெரியண்ணா
இ. இரத்தினசிங்கம்


கிளென் வேவர்லி, மெல்பேர்ண்
12 மார்ச் 2024

பாசமுள்ள பெரியண்ணாவுக்கு,

உங்கள் கடிதம் கையில் இருக்கிறது. நான்கு முறை வாசித்துவிட்டேன். நாங்கள் எல்லோரும் நலம், முழங்கால் மட்டும் படியேறும்போது முறைப்பாடு சொல்கிறது. உங்களுக்கு இரத்த அழுத்தம் எப்படி?

முப்பத்தைந்து வருடம் படிப்பித்தேன் அண்ணா. என் சொந்த அண்ணனுக்கு ஒரு எழுத்துக் காட்டித் தரவில்லை. கேட்டால் "லொறி ஓட எழுத்தென்னத்துக்கு" என்று சிரிப்பீர்கள். தாட்சாயினி ரீச்சருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எனக்கு அவர் மீது கொஞ்சம் பொறாமை என்றும் சொல்லுங்கள்.

உங்கள் செத்த வீட்டுக் கதையைப் பிரசன்னாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் உடனே போனில் தேடினான். "அம்மா, இந்த முகத்தை எனக்குத் தெரியும்! சின்னனில பார்த்த நாடகத்தில மருந்துக்கடைக்காரர்!" என்று கத்தினான். லெஸ்லி வின்ட்ரிங் என்று பெயராம். இங்கிலாந்தில் பிறந்து மேடையிலும் படங்களிலும் அறுபது வருடத்துக்கு மேல் நடித்தவராம். ஒரு படத்திலும் கதாநாயகன் இல்லை. அதனால் பெயர் ஒருவருக்கும் தெரியாது, முகம் எல்லோருக்கும் தெரியும் என்று பிரசன்னா சொல்கிறான்.

தொடர்ந்து எழுதுங்கள். என்னென்ன வாசிக்கிறீர்கள்? சிறுவர் கதைப் புத்தகங்கள் அனுப்பட்டுமா?

உங்கள் அன்புத் தங்கை
யோகா


செவன் ஹில்ஸ்
2 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. அழுத்தம் தர்சினியின் கட்டுப்பாட்டில். உன் முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசு.

உன் கடிதத்தை நானே வாசித்தேன். காலையில் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடித்தேன். உன் குரல் காதில் கேட்டது. நீ பக்கத்தில் இல்லாமல் எப்படிக் கேட்டது என்பது எனக்குப் பெரிய புதினம்.

லெஸ்லியர் வீட்டுக்கு இப்போது ஒவ்வொரு பின்னேரமும் போகிறேன். தர்சினிக்கு வேலையில்லாத நாட்களில் அவளும் வந்து மொழி சொல்வாள். அவருடைய அப்பா கடற்கரைப் பட்டினம் ஒன்றில் மீன் விற்றவராம். மகன் பதினேழு வயதில் வீட்டைவிட்டுப் போய் ஒரு நாடகக் கொம்பனியில் சேர்ந்தாராம். கிழமைக்கு ஒரு புது நாடகம். காலையில் வருகிற கிழமை நாடகத்தைப் பாடமாக்குவது, இரவு இந்தக் கிழமை நாடகத்தை ஆடுவது. சில நாள் இரண்டும் கலந்துவிடுமாம். திரைக்குப் பின்னால் ஒரு பெண் புத்தகத்தை வைத்துக்கொண்டு, மறந்த சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுப்பாவாம். சனங்களுக்குக் கேட்காது, அவருக்கு மட்டும் கேட்கும்.

இருபது வயதில் எழுபது வயதுக் கிழவனாக நடித்தாராம். "இப்ப எண்பத்தினாலு. இப்பத்தான் மை பூசாமல் கிழவனா இருக்கிறன்" என்கிறார். பழைய படங்களைப் போட்டுக் காட்டினார். திங்கட்கிழமை அவர் நீதவான். செவ்வாய்க்கிழமை பொலிஸ். புதன்கிழமை ஒருவருடைய சங்கிலியைக் களவெடுத்தார். தீர்ப்புச் சொன்னவரே களவெடுத்தால் நான் யாரை நம்புவது? ஒரு கொப்பியில் எல்லாம் குறித்து வைத்திருக்கிறார். பொலிஸ் பத்தொன்பது, நீதவான் பதினொன்று, வேலைக்காரன் ஏழு. பதினான்கு தரம் செத்திருக்கிறார். நாடகம் ஆட மெல்பேர்ணுக்கு வந்த இடத்தில் ஒரு பெண்ணைக் கண்டு அங்கேயே நின்றுவிட்டாராம். மருந்துக்கடைக்காரராக நடித்த ஆறு வருடமும் ரோட்டில் ஆட்கள் மறித்து இருமலுக்குக் குளிசை கேட்பார்களாம். மனைவி போன பிறகு இங்கே வந்திருக்கிறார்.

"ஒருக்காலாவது கதாநாயகனா விட்டிருக்கலாம்தானே?" என்று நான் கேட்டேன்.

"கதாநாயகன் எல்லாத்தையும் அவங்கள் சொல்லுற மாதிரிச் செய்யவேணும். என்னை ஒருத்தரும் பாக்கிறேல்லை, நான் விரும்பினதைச் செய்யலாம். இந்தப் பொலிஸ்காரனைப் பார், அவனுக்குச் சப்பாத்து கடிக்குது. அது கதையில இல்லை. நான் போட்டது."

திரும்பப் போட்டுப் பார்த்தேன். உண்மைதான், பொலிஸ்காரனுக்குச் சப்பாத்து கடிக்கிறது!

நீ கேட்டாய், என்ன வாசிக்கிறேன் என்று. சொல்லவா? நான் ஏன் படித்தேன் என்று நினைக்கிறாய்? நித்தியின் கடிதங்களை வாசிக்கத்தான். என் தம்பி, உன் சின்னண்ணா நித்தியானந்தன் லண்டனிலிருந்து போட்டதும் நீ எனக்கு வாசித்துக் காட்டியதுமான அத்தனையும் என் பிஸ்கட் ரின்னில் பத்திரமாக இருக்கின்றன. சண்டையில் தபால் நின்றபோது அவனும் நின்றுபோனான். ரின்னை மட்டும் இடம்பெயர்ந்த இடமெல்லாம் காவி வந்தேன். இன்னும் திறக்கவில்லை. எழுத்து நன்றாகப் பிடிபட்ட பிறகு திறப்பேன். நித்தி நாடகத் தியேட்டர் வாசலில் ரிக்கெற் கிழித்தவன் அல்லவா? லெஸ்லியர் அவனைக் கண்டிருக்கக்கூடும். நாளைக்கே கேட்கப் போகிறேன்.

சந்தோஷத்துடன்
உன் பெரியண்ணா இரத்தினசிங்கம்


கிளென் வேவர்லி
9 ஏப்ரல் 2024

பெரியண்ணாவுக்கு,

நலம், நலமே வேண்டுகிறேன். அவசரமாக எழுதுகிறேன்.

அந்தக் கடிதங்கள் நாற்பது வருடப் பழசு. மை மங்கியிருக்கும், தொட்டால் கிழியும். உங்கள் கண்ணுக்கும் நல்லதல்ல. ரின்னைத் திறக்காமல் அப்படியே பார்சலில் எனக்கு அனுப்பிவிடுங்கள். பிரசன்னா படம் பிடித்துப் பெரிய எழுத்தில் அச்சடித்துத் தருவான். நானே முன்போல வாசித்தும் காட்டுவேன்.

லண்டனில் எத்தனையோ தியேட்டர்கள் அண்ணா. அந்த மனிதரைப் போய்க் கரைச்சல்படுத்தாதீர்கள்.

சிறுவர் கதைப் புத்தகங்கள் மூன்று இத்துடன் அனுப்புகிறேன். எழுத்து நல்ல பெரிது.

யோகா


செவன் ஹில்ஸ்
28 ஏப்ரல் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் சுகம். புத்தகங்கள் கிடைத்தன. நரி வருகிற கதை நல்லது. ரின்னை அனுப்பமாட்டேன், கோபிக்காதே. தபாலில் தொலைந்தால் நான் என்ன செய்வேன்? மை மங்கவில்லை. திறந்து மேலால் மட்டும் பார்த்தேன்.

லெஸ்லியருக்கு நித்தியைத் தெரியாது. ஆனால் கதை கேட்க ஆசைப்பட்டார். உனக்குத் தெரியும்தானே, நீ வாசித்தது எல்லாம் எனக்கு மனப்பாடம். நான் சொல்லச் சொல்லத் தர்சினி இங்கிலிஷில் சொன்னாள். வீட்டுக்காரி மார்கரெற்றின் பூனைக்கு நித்தி இடியப்பம் தீத்தியது. மழைக்கு ஒதுங்கிய ஒரு பெரியவரை ரிக்கெற் இல்லாமல் நாடகம் பார்க்க விட்டது. அவர் நித்திக்குக் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனது. முதல் பனி விழுந்த நாள், "அண்ணை, பஞ்சு மரம் வெடிச்ச மாதிரி இருக்கு, நீங்கள் பக்கத்தில இல்லையே" என்று அவன் எழுதியது. அந்தக் கடிதம் வந்தது எனக்கு நல்ல ஞாபகம், ஆடி அமாவாசைக்கு மறுநாள். நான் விரதம் முடித்து இருந்தேன்.

அந்த இடத்தில் லெஸ்லியர் கையைத் தூக்கினார்.

"ஆடி எண்டால் எந்த மாசம்?"

"யூலை, ஓகஸ்ட்" என்றாள் தர்சினி.

"லண்டனில யூலையில பனியோ?"

"ஏன், இஞ்சையும் யூலையில குளிர்தானே?" என்றேன் நான். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தன் தேநீரைப் பார்த்தார். அதன்பின் அவர் கேட்டதெல்லாம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நித்தியைப் பற்றிக் கேட்கவில்லை. "இந்தக் கடிதங்களை ஆர் உனக்கு வாசிச்சது?" என்றார். என் தங்கச்சி என்றேன். "அவவின்ர குரல் எப்படி?" என்றார். நித்தி பேசுகிற இடம் வந்தால் உன் குரல் நித்தியின் குரல் மாதிரியே மாறும் என்றேன். "எத்தனை வருசம் வாசிச்சவ?" என்றார். முதல் கடிதத்திலிருந்து எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு வருடம் என்றேன். லெஸ்லியர் ஒரு நீண்ட விசில் அடித்தார்.

ஆனால் மனிதர் நல்லவர். நான் கெஞ்சிக் கேட்டதால், நித்தியின் முதல் கடித உறையில் இருக்கும் லண்டன் விலாசத்தை எழுதி எடுத்தார். அவருடன் வேலை செய்த ஒரு அம்மா அங்கே இருக்கிறாவாம். போய் விசாரிக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். யோகா, யோசித்துப் பார், நித்தி உயிரோடு இருந்தால் அவனுக்கு இப்போது எழுபத்திரண்டு. நான் என் கையால் அவனுக்கு ஒரு கடிதம் போட்டால் அவன் என்ன சொல்வான்!

நித்திரை கொள்ளாமல் சந்தோஷப்படும்
பெரியண்ணா


கிளென் வேவர்லி
10 யூன் 2024

பெரியண்ணாவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மன்னிக்கவும். முழங்காலுக்கு ஊசி போட்டார்கள். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. பிரசன்னா வீட்டு ஹீற்றரைத் திருத்தினான். மருமகள் கொய்யாக் கன்று ஒன்று வைத்தாள், அது பட்டுப்போய்விட்டது.

நீங்கள் குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போங்கள்.

யோகா


செவன் ஹில்ஸ்
30 யூன் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

சுகம். உன் கடிதத்தில் கொய்யாக் கன்று இருந்தது, நித்தி இல்லை. மறந்துவிட்டாயோ?

போன திங்கட்கிழமை ரின்னைத் திறந்தேன். எழுத்துத் தெரியாதவனுக்கு முத்திரைதான் அடையாளம். செம்மஞ்சள் முத்திரையும் தேநீர்க் கறையும் உள்ள உறைதான் பனி விழுந்த கடிதம் என்று எனக்கு எந்த இருட்டிலும் தெரியும். நீ வாசிக்கும்போது என் கோப்பைதான் தட்டுப்பட்டது. கை கால் கழுவி, வேறு சட்டை போட்டு, கதிரையில் இருந்து, அதை எடுத்து வாசித்தேன். அதில் இருப்பதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

"தவளை நீரில் முட்டையிடும். முட்டையிலிருந்து வாலுள்ள குஞ்சு வெளிவரும். பின்பு கால்கள் முளைக்கும். வால் மறையும். மாணவர்கள் படம் வரைவர்."

யோகா, எனக்குத் தலையும் விளங்கவில்லை காலும் விளங்கவில்லை. நித்தி லண்டனில் தவளை வளர்த்தானா? எந்த மாணவர்கள் படம் வரைந்தார்கள்? பனி எங்கே? பஞ்சு மரம் எங்கே? நான்தான் பிழையாக வாசிக்கிறேனோ என்று தாட்சாயினி ரீச்சரிடம் காட்டினேன். "நீங்கள் வாசிச்சது சரி ஐயா, தவளைதான்" என்றா. பூனைக் கடிதத்தைத் திறந்தேன். அதில் கடல் நீர் ஆவியாகி மேகமாகிறது. குடை கொடுத்த பெரியவரின் கடிதத்தில் பற்களை எப்படித் துலக்குவது என்று இருக்கிறது.

இன்னொன்று. நித்தியின் கையெழுத்தும் உன் கையெழுத்தும் ஒன்றுபோல இருக்கின்றன. பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். உங்கள் இருவருக்கும் மூக்கு ஒன்று. கையெழுத்தும் அப்படி வருமோ?

ரின்னின் அடியில் இன்னும் ஆறு உறைகள் இருக்கின்றன. அவை ஆரம்பத்தில் வந்தவை. கண் நோகிறது, ஆறுதலாக வாசிப்பேன். நீ உடனே விளக்கம் எழுது. செவ்வாய்க்கிழமை தவளையை லெஸ்லியரிடமும் காட்டப் போகிறேன்.

குழம்பிப்போயிருக்கும்
பெரியண்ணா


கிளென் வேவர்லி
18 ஓகஸ்ட் 2024

அன்புள்ள பெரியண்ணாவுக்கு,

நலமா? உங்கள் தவளைக் கடிதத்துக்கு நான் ஏழு கிழமையாகப் பதில் எழுதவில்லை. நீங்களும் அதன்பின் ஒன்றும் எழுதவில்லை. ரெலிபோன் எடுத்தால் தர்சினி "அப்பா படுத்திருக்கிறார் மாமி" என்கிறாள். மூன்று முறையும் அதையே சொன்னாள்.

ஒரு வரியாவது எழுதுங்கள்.

யோகா


கிளென் வேவர்லி
22 செப்டெம்பர் 2024

பெரியண்ணாவுக்கு,

நலம் கேட்கவும் எனக்கு இன்று வாய் வரவில்லை.

அடியில் இருக்கும் ஆறும் சின்னண்ணா எழுதியவை. ஐந்தை உள்ளபடி வாசித்தேன். ஆறாவதை வாசிக்கவேண்டாம் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். வாசித்திருப்பீர்கள் என்றும் தெரியும்.

அது வந்த நாள் நீங்கள் சீமெந்து இறக்கிவிட்டு வந்தீர்கள். வழக்கம்போலக் கை கால் கழுவி, தோய்த்த சட்டை போட்டு, எனக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தீர்கள். நான் உறையைப் பிரித்தேன். முதல் வரியில் உங்கள் பெயர் இல்லை, என் பெயர் இருந்தது. கண்ணை ஓட்டினேன். பெண் வீட்டாரிடம் தனக்கு அண்ணன் என்று ஒருவரும் இல்லை என்று சொல்லிவிட்டதாக எழுதியிருந்தார். லொறி ஓடித் தன்னைப் படிப்பித்த அண்ணன் என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தார். இனி எழுதவேண்டாம், தேடவும் வேண்டாம் என்று முடித்திருந்தார்.

நான் தலையை நிமிர்த்தினேன். நீங்கள் "வாசி பிள்ளை, என்னவாம்?" என்றீர்கள். "அன்புள்ள அண்ணைக்கு" என்று என் வாய் தொடங்கிவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. முடித்தவுடன் நீங்கள் கையை நீட்டி அதை வாங்கி ரின்னில் வைத்துப் பூட்டினீர்கள். என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை.

அடுத்த மாதம் ஒவ்வொரு நாளும் தபால்காரனை மறித்தீர்கள். கூடப் படிப்பித்த ஆசிரியைகளிடம் முத்திரை சேர்க்கிறேன் என்று சொல்லி வெளிநாட்டு உறைகள் வாங்கினேன், மேலே இருந்த இங்கிலிஷ் விலாசம் உங்களுக்கு விளங்காதுதானே. உள்ளே வைக்க என் பாடக்குறிப்புத் தாள்கள் இருந்தன. ஒன்றோடு நிறுத்த நினைத்தேன். அதைக் கேட்டு நீங்கள் அன்று இரண்டு முறை சோறு போட்டுச் சாப்பிட்டீர்கள். ஒன்பது வருடம் போய்விட்டது. எனக்குக் கல்யாணமாகி நான் கொழும்புக்குப் போனதால் கடிதம் நின்றது. சண்டையால் நின்றது என்று நீங்களாகவே சொன்னீர்கள். நான் ஓம் என்றேன்.

நீங்கள் சொல்லச் சொல்ல நான் எழுதிய பதில்களையும் தபாலில் போடவில்லை. முப்பத்தொன்று. எல்லாம் என்னிடம் இருக்கின்றன.

உங்களை ஏமாற்றவில்லை என்று நான் எழுத மாட்டேன். ஏமாற்றினேன்.

யோகா


செவன் ஹில்ஸ்
3 நவம்பர் 2024

என் தங்கச்சி யோகாவுக்கு,

உடம்பு சுகம். உன் முழங்கால் எப்படி என்று முதலில் எழுது.

நாலு மாதமாக நான் படுத்திருக்கவில்லை. தர்சினியைப் பொய் சொல்ல வைத்தேன். பேனையை எடுத்தால் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

சொன்னபடி அந்தச் செவ்வாய்க்கிழமையே தவளையை லெஸ்லியரிடம் கொண்டுபோனேன். தர்சினி வாசித்துச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. தன் கதை ஒன்றைச் சொன்னார். அவர் இளைஞனாக இருந்தபோது ஒரு நாடகத்தில் வயதுபோன தகப்பன் வேடம். யுத்தத்தில் மகன் இறந்த கடிதத்தை மேடையில் நின்று வாசிக்க வேண்டும். ஒரு நாள் அந்தக் கடிதத்தைக் காணவில்லை. மேடை வேலைக்காரன் அவசரத்தில் தன் சட்டைப்பையில் இருந்த ஒரு தாளைத் திணித்துவிட்டான். லெஸ்லியர் விளக்குக்குக் கீழே போய் விரித்தால், பொரித்த மீன் ஆறு, உருளைக்கிழங்கு நாலு, வினாகிரி மறக்காதே என்று இருக்கிறதாம்.

"நான் மீனைப் பார்த்துக்கொண்டு மகனை வாசிச்சன். முன்வரிசை முழுக்க அழுதது. நாடகம் முடிய ஒரு அம்மா பின்வாசலுக்கு வந்து அந்தக் கடிதத்தைத் தரமுடியுமோ எண்டு கேட்டா. தன்ர மகனும் அப்படிப் போனவனாம். நான் குடுத்தன்."

"அவ வீட்டை போய் வாசிச்சிருப்பாவே!" என்றேன்.

"வாசிச்சிருப்பா. ஆனா திருப்பிக் கொண்டுவரேல்லை."

நான் தேநீரைக் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டேன். அன்றைக்கே ஆறாவது கடிதத்தை எடுத்தேன். அதை வாசிக்க எனக்கு இரண்டு நாள் பிடித்தது. உன் அண்ணன் எழுத்துப் படித்து வாசித்த, நித்தியின் முதல் உண்மைக் கடிதம் அதுதான்.

உன்மேல் கோபம் வந்தது. நாற்பது வருடம் என்னை ஒரு மடையன் போலக் கதிரையில் இருத்தி வைத்தாயே என்று. லெஸ்லியர் வேலிக்கு மேலால் கை காட்டினார், நான் காட்டவில்லை. பிறகு நித்திமேல் கோபம். பிறகு எல்லாம் ஆறிவிட்டது என்று எழுத ஆசை, ஆனால் அது பொய், இன்னும் கொஞ்சம் இருக்கிறது. உன் செப்டெம்பர்க் கடிதம் வந்த பிறகு ஒரு விஷயம் யோசித்தேன். நித்தி தனக்கு அண்ணன் இல்லை என்றான். அவன் இல்லையென்று விட்ட இடத்தில் நீ வந்து நின்று, எனக்குத் தம்பியாக ஒன்பது வருடம் பேசினாய். பூனைக்கு இடியப்பம் தீத்தினாய். ஒரு நாளாவது உனக்கு ஒருவரும் கை தட்டவில்லை.

லண்டனிலிருந்து அந்த அம்மா எழுதியிருக்கிறா. அந்த விலாசத்தில் இப்போது சப்பாத்துக் கடை இருக்கிறதாம். இன்னும் தேடட்டுமா என்று கேட்டிருக்கிறா. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தேடவேண்டாம் என்று அவன் எழுதியிருக்கிறான், இப்போது எனக்கு அதை வாசிக்கத் தெரியும்.

இனி நீ செய்யவேண்டியதைச் சொல்கிறேன். நான் சொல்லி நீ எழுதிய முப்பத்தொன்றையும் கட்டி எனக்கு அனுப்பு. அவை என்னுடைய கடிதங்கள், நான் என்ன சொன்னேன் என்று நான் வாசிக்க வேண்டும். உன் தவளையை இத்துடன் வைத்து அனுப்புகிறேன். தேநீர்க் கறை பத்திரம்.

வருகிற ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, பின்னேரம் நாலு மணிக்கு ரெலிபோன் எடுப்பேன். கை கால் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு இருப்பேன். பக்கத்துக் கதிரையில் லெஸ்லியரும் இருப்பார். அவருக்குத் தமிழ் விளங்காது, ஆனாலும் உன் குரலைக் கேட்கவேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறார். தொழில்காரரின் ஆசை. நீ அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, பனி விழுந்த கடிதத்தை வாசி. நித்தியின் குரலில் வாசி.

லண்டனில் யூலையில் பனி விழாது என்று லெஸ்லியர் இப்போது வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். நீ ஒன்றையும் திருத்தாதே. ஆடி அமாவாசைக்கு மறுநாளே விழட்டும்.

கதிரையை இழுத்துப் போட்டுக் காத்திருக்கும்
உன் பெரியண்ணா
இ. இரத்தினசிங்கம்